வாங்குவது ஒருவர், சுமப்பது ஒருவர்

கிரேக்கத் தளபதி செனபோன் குதிரையேற்றம் பற்றி எழுதிய சிறு நூலுக்கு வயது 2,300க்கு மேல். குதிரை வாங்கப் போகிறவனுக்கு அதில் ஒரு யோசனை சொல்கிறார்: முதுகைப் பார். நடுவில் எலும்பு துருத்திக்கொண்டிருக்கும் முதுகைவிட, இரண்டு பக்கமும் சதை எழும்பி நடுவெலும்பு அமிழ்ந்திருக்கும் இரட்டை முதுகு உட்காரவும் இதம், பார்க்கவும் அழகு. அவர் காலத்துக் கிரேக்கர்களிடம் சேணம் கிடையாது. வெறும் முதுகில் ஏறினார்கள், மிஞ்சிப்போனால் ஒரு துணியை விரித்துக்கொண்டார்கள். குதிரையே இருக்கை என்பதால் இருக்கையைத் தேர்ந்தெடுப்பதும் குதிரையைத் தேர்ந்தெடுப்பதும் ஒரே வேலையாக இருந்தன.

ஏறுபவனுக்கு எந்த முதுகு வசதி என்று மட்டுமே செனபோன் கேட்கிறார். குதிரைக்கு எந்த ஆள் வசதி என்று அவர் கேட்கவில்லை. ஆனாலும் வெறும் முதுகில் ஏறியவனுக்கு அந்தப் பதில் தானாகவே தெரிந்திருக்கும். குதிரையின் தசை இறுகுவதையும் தளர்வதையும் அவனுடைய தொடை சொல்லிவிடும். சேணம் வந்தபோது இருவருக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு பொருள் வந்து உட்கார்ந்தது. ஏறுபவர் அதன் மேல்பக்கத்தை மட்டுமே அறிவார். குதிரைக்குத் தெரிவதெல்லாம் அடிப்பக்கம். பணம் கொடுப்பவர் மேல்பக்கத்துக்காரர்.

அல்தாய் மலையின் பாசிரிக் கல்லறைகளை சோவியத் தொல்லியலாளர் செர்கெய் ருதென்கோ தோண்டியபோது, இறந்த தலைவர்களோடு அவர்களுடைய குதிரைகளும் சேணத்தோடு கிடைத்தன. கல்லறைக்குள் பனி உறைந்துபோயிருந்ததால் தோலும் கம்பளியும் மட்கவில்லை. கி.மு. 5, 4ஆம் நூற்றாண்டுகளை ஒட்டிய சேணங்கள் அவை. மான் முடியும் புல்லும் திணித்த இரண்டு மெத்தைகள், முதுகெலும்புக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. நடுவில் வெற்றிடம். இன்றைக்கு இங்கிலாந்தின் வால்சாலிலோ நம் கான்பூரிலோ தைக்கிற சேணத்தைக் கவிழ்த்துப் பார்த்தாலும் இதே அமைப்பைக் காணலாம்: இரண்டு மெத்தை, நடுவில் ஓர் ஓடை. தண்ணீர்க்குடம் சுமக்கிற பெண்கள் சும்மாடு சுற்றும்போது நடுவில் குழி விடுகிறார்களே, அந்தக் கணக்குதான். உச்சியில் பாரம் இறங்கக் கூடாது, சுற்றியுள்ள இடம் வாங்கிக்கொள்ள வேண்டும்.

சுற்றியுள்ள இடம் குதிரையிடம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். அவ்வளவு பெரிய பிராணிக்கு இவ்வளவு சின்ன இடமா! குதிரைக்கு 18 ஜோடி விலா எலும்புகள். கடைசி விலாவைத் தாண்டிச் சேணம் நீளக் கூடாது, அதற்குப் பின்னால் இடுப்புத் தண்டைத் தாங்க விலா கிடையாது. முன்பக்கம் தோள்பட்டை எலும்பு. நமக்கிருப்பது போன்ற காறை எலும்பு குதிரைக்கு இல்லை. முன்னங்கால்கள் உடம்போடு எலும்பால் பூட்டப்படாமல் தசையாலும் நாராலும் பிடித்து நிறுத்தப்பட்டிருக்கின்றன. கால் முன்னே போகும்போதெல்லாம் தோள்பட்டையின் மேல்விளிம்பு பின்னால் சரிந்து வரும். சேணத்தின் உள்சட்டம் அந்த வழியில் நின்றால் எட்டுக்கு எட்டு இடிதான். ஆக முன்னால் தோள், பின்னால் கடைசி விலா, நடுவில் முதுகெலும்பு. இந்த மூன்றையும் தொடாமல் மிச்சமிருக்கிற இரண்டு பட்டைச் சதைமேல்தான் ஒரு மனிதர் உட்கார வேண்டும்.

இங்கேதான் முதல் சிக்கல். ஏறுபவர் பெரிய உடம்புக்காரர் என்றால் பெரிய இருக்கை வேண்டும். பெரிய இருக்கைக்கு நீண்ட மெத்தை வேண்டும். குட்டை முதுகுக் குதிரையில் அந்த நீண்ட மெத்தை கடைசி விலாவைத் தாண்டிப் போய்விடும். அப்போது வேறு சேணம் பார்த்துப் பயனில்லை, வேறு குதிரைதான் பார்க்க வேண்டும். எந்தக் கடைக்காரர் இதை வாடிக்கையாளரின் முகத்துக்கு நேரே சொல்வார்? எடைக் கணக்கும் இதோடு சேர்ந்தது. ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருப்பது நல்லது என்பது அமெரிக்கக் குதிரைப்படை காலத்திலிருந்து வரும் வழக்கு. 2008இல் எட்டுக் குதிரைகளை வைத்து அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வும் ஏறக்குறைய அங்கேயே வந்து நின்றது. 20 சதவீதம் வரை சமாளித்த குதிரைகளுக்கு 25, 30 சதவீதத்தில் இதயத் துடிப்பு ஏறியது, தசை வலித்தது.

சேணம் பார்த்துப் பொருத்துவதை ஒருமுறை கிட்டே நின்று கவனித்தால் இந்தப் பேச்செல்லாம் கைக்கு வந்துவிடும். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு குதிரையேற்றப் பள்ளியில் நான் பார்த்தது. குதிரை, பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற தரோபிரெட். நம் ஊர்ப் பள்ளிகளில் இப்படிப்பட்ட குதிரைகள்தான் அதிகம். பிடரி முடிகிற இடத்தில் எலும்பு மேடு உயர்ந்து, அதற்கு இரு பக்கமும் சதை வற்றிக் குழிந்திருந்தது. குதிரை பார்த்துக்கொள்பவர், சைஸ் என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள், கீழே கம்பளம் எதுவும் போடாமல் வெறும் முதுகில் சேணத்தைக் கொஞ்சம் முன்னால் வைத்துப் பின்னால் தள்ளினார். அது தானாக ஓரிடத்தில் நின்றது. அதுதான் அதன் இடம். முன்மேட்டுக்கும் குதிரையின் எலும்பு மேட்டுக்கும் நடுவே மூன்று விரல் நுழைகிறதா என்று பார்த்தார். குனிந்து பின்பக்கமிருந்து ஓடைக்குள் பார்த்தார், முன்பக்கத்து வெளிச்சம் தெரிந்தது. பிறகு மெத்தைக்கும் முதுகுக்கும் நடுவே உள்ளங்கையை விட்டு மேலிருந்து கீழாக மெதுவாக இழுத்தார். முன்னால் கை இறுகியது, நடுவில் தாராளமாகப் போனது, பின்னால் மறுபடி இறுகியது. முகம் சுளித்தார். இரு முனையும் ஊன்றி நடுவில் தொடாமல் நிற்கும் சேணம், பாரத்தை நான்கு புள்ளியில் குத்தும்.

குதிரைக்குச் சொந்தக்காரப் பெண்ணுக்கு நம்பிக்கை வரவில்லை. புதுச் சேணம், நல்ல தோல், உட்கார்ந்தால் அவ்வளவு சொகுசு என்றார். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வரச் சொன்னார் சைஸ். இறங்கியதும் சேணத்தைக் கழற்றினார். முதுகெல்லாம் வியர்வையில் கறுத்து நனைந்திருந்தது. தோளுக்குப் பின்னால் மட்டும் இரு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்குக் காய்ந்த திட்டு. “காய்ஞ்ச எடத்தப் பாருங்க மேடம். அங்க வேர்க்கவே விடல. இன்னும் ஆறு மாசம் போனா அந்த எடத்துல வெள்ள முடி மொளைக்கும்,” என்றார்.

அவர் சொன்னது சரி. அழுத்தத்தால் ரத்த ஓட்டம் தடைப்பட்டு முடியின் வேர் நிறம் இழந்தால் பிறகு முளைப்பது வெள்ளையாகத்தான் முளைக்கும். கறுப்பு, செம்பழுப்புக் குதிரைகளின் தோளுக்குப் பின்னால் தெரிகிற வெள்ளைத் திட்டைச் சிலர் அழகு மச்சம் என்று நினைத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பழைய சேணத்தின் கையெழுத்து அது.

நடுவில் தொடாத சேணத்துக்கும் குறுகின சேணத்துக்கும் பெரும்பாலானவர்கள் செய்கிற வைத்தியம் தடித்த கம்பளம் போடுவது. குறுகின சேணத்துக்கு அடியில் கம்பளம் சேர்த்தால் இன்னும் குறுகும், அவ்வளவே. மெத்தைக்குள் இருக்கும் கம்பளித் திணிப்பைப் பிரித்து, வேண்டிய இடத்தில் கூட்டிக் குறைத்து மறுபடி தைப்பதுதான் வழி. உள்சட்டமே அளவு தவறியிருந்தால் அதற்கும் வழியில்லை. சட்டத்தின் அகலத்தைக் குறுகல், மீடியம், அகலம் என்று கடையில் சொல்வார்கள். ஒரு நிறுவனத்தின் மீடியம் இன்னொரு நிறுவனத்தின் மீடியத்தோடு ஒத்துப்போகாது. புவிசார் குறியீடு வாங்கி, ஐரோப்பாவுக்கெல்லாம் ஏற்றுமதி ஆகும் கான்பூர்ச் சேணங்களிலும் இதே கதைதான். சட்டைக்குக்கூட இதைவிட ஒழுங்கான அளவு இருக்கிறது.

குதிரைக்குப் பார், பிறகு ஆளுக்குப் பார் என்பது பழக்கமான அறிவுரை. அதைச் சொல்கிறவர்கள் ஏதோ ஜீவகாருண்யம் பேசுவதுபோல் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. ஆளுக்குப் பொருந்தாத சேணம் குதிரைக்கும் பொருந்தாது. தொடை நீளமானவர் சின்ன இருக்கையில் உட்கார்ந்தால் பின்மேட்டில்தான் முட்டுக்கொடுத்து உட்காருவார். மெத்தையின் பின்நுனி குதிரையின் முதுகில் ஊன்றும். அங்கவடி தொங்கும் இடம் ரொம்ப முன்னால் இருந்தால் அவருடைய கால் முன்னால் ஓடும், உடம்பு பின்னால் சாயும், நிலை தவறாமலிருக்கக் கடிவாள வாரைப் பிடித்துத் தொங்குவார். அந்த இழுப்பு குதிரையின் வாயில் போய் முடியும். மேலே உட்கார்ந்திருப்பவரின் இடுப்பு வலி எதுவும் அவரோடு நிற்பதில்லை, தோலையும் மரத்தையும் கடந்து கீழே இறங்கிவிடுகிறது. ஆகவே இரண்டு பொருத்தத்தையும் தனித்தனி வரவு செலவாக எழுத முடியாது.

ஏறுபவர் உட்காரும் முறை மாறினால் சேணமே மாறியிருக்கிறது என்பதற்கு வரலாறு சாட்சி. இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி ஃபெதெரிகோ கப்ரில்லி 1907இல் இறப்பதற்குள், தடை தாண்டும்போது பின்னால் சாய்ந்து உட்காரும் பழைய வழக்கத்தைத் தலைகீழாக்கிவிட்டார். அங்கவடியைச் சுருக்கி, இருக்கையிலிருந்து எழுந்து, குதிரையோடு சேர்ந்து முன்னால் போ என்றார். முழங்கால் முன்னே வந்தது, அதைத் தாங்கச் சேணத்தின் பக்கத் தோலும் முன்னே வந்தது. பந்தயத்தில் அமெரிக்க ஜாக்கி டாட் ஸ்லோன் 1897இல் இங்கிலாந்துக்குப் போய்க் குந்தி உட்கார்ந்து ஓட்டியபோது குச்சியில் ஏறிய குரங்கு என்று சிரித்தார்கள். அவர் ஜெயிக்க ஆரம்பித்ததும் சிரித்தவர்களும் குந்தினார்கள். அந்த முறை பரவியபோது பந்தய நேரம் 5 முதல் 7 சதவீதம் குறைந்ததாக 2009இல் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஜாக்கி தன் கால்களை வளைத்து, குதிரையின் ஏற்ற இறக்கத்தோடு தன் உடம்பு ஏறி இறங்காமல் பார்த்துக்கொள்கிறார். குதிரை அவருடைய எடையைச் சுமக்கிறது, எட்டுக்கு எட்டு அவரைத் தூக்கிப்போட வேண்டிய வேலை அதற்கு மிச்சம். ஒரு கிலோகூட இல்லாத பந்தயச் சேணத்தில் இருக்கை என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. உட்காராதவருக்கு இருக்கை எதற்கு?

இதற்கு நேர் எதிர் பெண்களின் ஒருபக்கச் சேணம். இரண்டு காலையும் இடப்பக்கமே போட்டுக்கொண்டு, நீண்ட பாவாடையோடு ஏற வேண்டும். 1830களில் தொடையைப் பிடித்து நிறுத்த இரண்டாவது கொம்பு வந்த பிறகு அதில் தடை தாண்டவும் முடிந்தது, திறமைசாலிகள் தாண்டினார்கள். ஆனால் அந்தச் சேணம் ஏறுபவளுக்காகவும் உருவாகவில்லை, குதிரைக்காகவும் உருவாகவில்லை. பார்க்கிற ஊர்க் கண்ணுக்காக உருவானது. பெண்கள் இரு பக்கமும் கால் போட்டு ஏறத் தொடங்கிய பின்னும் அவர்களுக்குக் கிடைத்தது ஆணின் இடுப்பெலும்பை மனதில் வைத்துச் செய்த சேணம்தான். ஒலிம்பிக் குதிரையேற்றமே 1952 வரை பெரும்பாலும் படை அதிகாரிகளின் சொத்தாக இருந்தது. அந்த ஆண்டு ஹெல்சின்கியில் பெண்களை முதன்முதலாக டிரெஸாஜ் போட்டியில் விட்டார்கள். டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல், போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்தவர், குதிரை மேல் ஏறவும் இறங்கவும் பிறர் உதவி வேண்டியவர், வெள்ளி வாங்கினார். கீழ்க்காலால் சைகை கொடுக்க முடியாதவர், இடுப்பாலும் முதுகாலுமே குதிரையிடம் பேசியிருக்கிறார். அப்படியானால் அந்தச் சைகை எல்லாம் சேணத்தின் வழியாகத்தான் போயிருக்க வேண்டும்.

குதிரையின் முதுகை முதலில் கணக்குப் பார்த்தவர்கள் கருணையாளர்கள் அல்ல, படைக்காரர்கள். முதுகு புண்ணான குதிரை என்றால் ஒரு குதிரைவீரன் காலாள் ஆகிவிட்டான் என்று பொருள். 1855இல் அமெரிக்கப் போர்த்துறைச் செயலர் ஜெஃபர்சன் டேவிஸ், ஐரோப்பியப் படைகளைப் பார்த்து வர மூன்று அதிகாரிகளை அனுப்பினார். அவர்களில் ஒருவர் ஜார்ஜ் மெக்கிளெல்லன். திரும்பி வந்து அவர் சொன்ன சேணத்தை 1859இல் படை ஏற்றுக்கொண்டது. மரச்சட்டத்தின் நடுவில் முன்னிருந்து பின்வரை திறந்த பிளவு, மேலே பச்சைத்தோல் இழுத்துக் கட்டிய இருக்கை, கீழே மடித்த கம்பளம். ஏறுபவனுக்குச் சொகுசு என்று அதைப் பாராட்டியவர்கள் குறைவு. இரண்டே ஆண்டில் உள்நாட்டுப் போர் வந்தது. அனுப்பியவர் தெற்கு மாநிலங்களின் தலைவர், போய் வந்தவர் வடக்கின் தளபதி. தெற்குப் படையிடம் ஜெனிஃபர் என்ற சேணம் இருந்தது, தட்டையானது, பார்வைக்கு லட்சணமானது. முகாமில் கொழுத்த குதிரைகளுக்கு அது கச்சிதம். போரில் தீனி குறைந்து குதிரைகள் இளைத்ததும் சட்டம் இறங்கி முதுகெலும்பில் உட்கார்ந்தது, புண் வைத்தது. 1863 வாக்கில் தெற்குப் படையும் எதிரியின் மெக்கிளெல்லன் சேணத்துக்கே மாறியது.

ஜெனிஃபர் கதையை நான் பலமுறை நினைத்துப் பார்ப்பதுண்டு. அந்தச் சேணம் பொருந்தாமல் இல்லை. ஒரு குறிப்பிட்ட உடம்புக்குப் பொருந்தியது, அந்த உடம்பு போய்விட்டது. பின்னர் தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் பிரிட்டிஷ் தரப்பு இழந்த குதிரைகள் 3 லட்சத்துக்கும் மேல். கப்பலில் வந்திறங்கியதும் ஓய்வில்லாமல் களத்துக்கு ஓட்டியதும், பட்டினியும், நோயும், ஆளும் மூட்டையுமாக 120 கிலோவைத் தொடுகிற சுமையும் காரணங்கள். இளைத்துக்கொண்டே போகிற முதுகில் அளவு மாறாத சேணம் இருப்பதும் அந்த வரிசையில் வரும்.

இந்த இடத்தில் நம் கடற்கரையையும் நினைத்துக்கொள்ளலாம். காவிரிப்பூம்பட்டினத்தில் கடல்வழி வந்த குதிரைகளைப் பட்டினப்பாலை பேசுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கத்திய அரசர்கள் ஏராளமான பணத்தைக் கொட்டிக் குதிரைகளை வாங்குவதையும், பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லாமல் அவை சீக்கிரமே செத்துப்போவதையும் எழுதியிருக்கிறார். வணிகர்களுக்கு அதில் லாபம் என்பதையும் விடாமல் எழுதுகிறார். குதிரை இறக்குமதி ஆனது, குதிரையைப் பற்றிய அறிவு அதே கப்பலில் ஏறவில்லை. ஸ்ரீரங்கத்துச் சேஷராயர் மண்டபத்துத் தூண்களில் பாயும் குதிரைகளைச் செதுக்கிய சிற்பிகளின் கண்ணில் பட்டது குதிரைக்காரர்களின் கையில் எவ்வளவு இருந்ததோ!

முதுகு மாறுவதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். கால்நடை மருத்துவர்கள் லின் கிரேவும் சூ டைசனும் இங்கிலாந்தில் குதிரைகளின் முதுகு வடிவத்தை ஓராண்டு முழுக்கத் திரும்பத் திரும்ப அளந்தார்கள். பருவம், வேலை, உடல் எடை எல்லாவற்றோடும் அது மாறிக்கொண்டே இருந்தது. அவர்களுடைய இன்னோர் ஆய்வு இன்னும் சுவாரசியமானது. ஓடும்போது சேணம் ஒரு பக்கமாகச் சரிந்தால் வழக்கமாகச் சேணத்தைத் திட்டுவோம், இல்லையென்றால் ஏறுபவர் கோணலாக உட்காருகிறார் என்போம். பல குதிரைகளில் உண்மைக் காரணம் பின்னங்கால் நொண்டல் என்று அவர்கள் காட்டினார்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய நொண்டல். மரத்துப்போகும் ஊசி போட்டு வலியை நிறுத்தியதும் பெரும்பாலான குதிரைகளில் சரிவும் நின்றது. சேணத்தை மாற்றிக்கொண்டே இருந்திருந்தால் பணம் போயிருக்கும், கால் இன்னும் கெட்டிருக்கும்.

மெக்கிளெல்லனின் சேணம் குதிரைப்படை ஒழிந்த பின்னும் சடங்குகளில் மிஞ்சியது. வாஷிங்டனை அடுத்த ஆர்லிங்டன் கல்லறையில் படைவீரர்களின் உடலை ஏற்றிச் செல்லும் வண்டியை ஆறு குதிரைகள் இழுக்கும். ஆறிலும் சேணம் உண்டு, இடப்பக்கத்து மூன்றில் மட்டுமே ஆள் உண்டு. 2023இல் அந்த வண்டியை நிறுத்தினார்கள். பல குதிரைகளுக்கு முதுகிலும் காலிலும் காயம், சேணமும் வாரும் சரியாகப் பொருந்தாததும் காரணங்களில் ஒன்று. 2025 ஜூனில் மறுபடி தொடங்கியபோது குதிரைக்குக் குதிரை அளவெடுத்த சேணங்கள் வந்திருந்தன. மெக்கிளெல்லன் கணக்குப் போட்ட நாளிலிருந்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

சேணம் வாங்கப்போகும் வாசகர் யாராவது இருந்தால் ஒரு வேண்டுகோள். வைத்திருக்கும் பணம் முழுவதையும் சேணத்தில் போட்டுவிடாதீர்கள். ஒரு பங்கை எடுத்து வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் தோலில் பூசணம் பூக்கும், திணித்த கம்பளி அமுங்கும், குதிரை இளைக்கும் அல்லது பெருக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மெத்தையைப் பிரித்துத் தைக்கும் கூலிக்கு அந்தப் பணம் வேண்டியிருக்கும். அதற்கு வழியில்லையென்றால் விலை குறைந்த சேணமாகவே வாங்கிக்கொள்ளுங்கள். கவனித்துப் பார்த்துக்கொண்ட சாதாரணச் சேணம், கவனிக்காத உயர்ந்த சேணத்தைவிடக் குதிரைக்கு நல்லது.